வேலை கேட்கும் கடிதத்தில் வேலை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பெறுபேறு வரும்வரை என்ன படிக்கலாம் என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். கணினி, ஆங்கிலப் பேச்சு, கணக்கியல், அழகுக்கலை, ஹோட்டல் முகாமைத்துவம் என்று எல்லாம் இருந்தது. எழுத்து இல்லை. கதை, கவிதையை நான் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு ஒரு கடிதம், வேலைக்கு ஒரு விண்ணப்பம், நடந்ததை நடந்தபடி சொல்லும் ஓர் அறிக்கை, கூட்டம் முடிந்தபின் ஒரு கூட்டக் குறிப்பு. இவற்றை ஒழுங்காக எழுதத் தெரியாமல் பட்டம் வரைக்கும் போய்விடலாம் என்பதுதான் இன்றைய நிலை. இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் மாகாணத் திணைக்களம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சேர்ந்தபோது எங்களுக்கு இலிகிதர் என்றுதான் பெயர். இப்போது திருகோணமலையில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும் வழியில் இருக்கும் தம்பியின் போட்டோக்கொப்பிக் கடையில் காலை நேரத்தில் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். அலுவலகத்துக்குள் இருந்தபோது கடிதம் வந்து சேரும் பக்கத்தைப் பார்த்தேன். கடையில் இருந்து அது புறப்படும் பக்கத்தைப் பார்க்கிறேன்.

அண்மையில் நிலாவெளிப் பக்கத்துப் பொடியன் ஒருவன் வந்தான். உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பம். கையால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, "அன்ரி, இதை அப்பிடியே அடிச்சுத் தாங்கோ" என்றான். முதற்பந்தி முழுக்க வணக்கமும் பணிவும். இரண்டாம் பந்தியில் தகப்பன் இல்லாததும் தங்கச்சி படிப்பதும். மூன்றாவதில், எந்த வேலை தந்தாலும் செய்வேன் என்று ஒரு வரி. பிறகு கருணை கூர்ந்து, தயவு கூர்ந்து, தாழ்மையாய்க் கேட்டுக்கொள்வதோடு முடிந்தது. எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறான் என்பதே அதில் இல்லை.

அடிக்கத் தொடங்க முதல் கேட்டேன். "தம்பி, இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீர்?"

"சும்மாதான் அன்ரி. மாமாவின்ரை போட்டிலை போவன்."

"எங்கை போவீர்?"

"புறாத்தீவுக்கு. சுற்றுலாக்காரரை ஏத்திக்கொண்டு."

பிறகு ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தது. கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரை நாள்தோறும் போகிறான். உயிர்காப்பு அங்கியைக் கட்டிவிடுவதும், நீருக்குள் பவளப்பாறை பார்க்க இறங்கியவர்களை எண்ணி எண்ணித் திரும்ப ஏற்றுவதும் அவன் வேலை. காற்று மாறினால் போகவேண்டாம் என்று மாமாவுக்குச் சொல்லுவதும் அவன்தான். தென்பகுதியில் இருந்து வருபவர்களோடு பழகிச் சிங்களம் நன்றாகப் பேசுகிறான். ஆங்கிலத்தில் வேலைக்கு வேண்டியதைச் சொல்ல முடியும். முதலுதவிச் சான்றிதழ் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். "இதெல்லாம் எழுதிற விசயமே அன்ரி?" என்று கேட்டான் பாருங்கள்.

அவனையே சொல்லச் சொல்லி நான் அடித்தது இப்படி வந்தது: "தங்கள் ஹோட்டலின் நீச்சல் தடாகம் மற்றும் கடற்கரைப் பிரிவில் உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் சுற்றுலாப் படகில் மூன்று பருவகாலங்கள் வேலை செய்துள்ளேன். பயணிகளின் உயிர்காப்பு அங்கிகளைச் சரிபார்ப்பதும் நீரில் இறங்கியவர்களைக் கண்காணிப்பதும் எனது பொறுப்பாக இருந்தன. தமிழும் சிங்களமும் சரளமாகவும், ஆங்கிலம் வேலைக்குப் போதுமான அளவிலும் பேசுவேன். முதலுதவிச் சான்றிதழின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது." தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அதை மறைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முகாமையாளர் தேடுவது, தடாகத்தில் ஒரு பிள்ளை தாழ்ந்தால் குதிக்கக்கூடிய ஆளை. அந்த ஆள் தன் கடிதத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பிறகு வந்து சொன்னான்.

இப்படி எழுதப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து பழக்கம் வந்தது என்று யோசித்தால், பாதிக் குற்றம் எங்கள் மனுக்களில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க ஏசண்டுக்கு எழுதிய தொனி இன்னும் எங்கள் பேனாவை விடவில்லை. யுத்த காலத்தில் மீன்பிடி அனுமதிப் பாசுக்கும், இழந்த வீட்டுக்கும், காணாமற்போன பிள்ளைக்கும் எழுதி எழுதி, கடிதம் என்றாலே கெஞ்சுவது என்று ஆகிவிட்டது. மீதிக் குற்றம் பள்ளிக்கூடத்தில். சாதாரண தரத் தமிழ் வினாத்தாளில் கடிதம் வரும். அதற்கு மாதிரிக் கடிதம் ஒன்றை மனனம் பண்ணிக்கொண்டு போவார்கள். விலாசம் இடும் இடமும் முடிக்கும் வசனமும் சரியாக இருக்கும். நடுவில் சொல்லவேண்டிய விடயம் எப்படி இருந்தாலும் புள்ளி வந்துவிடும்.

ஆனால் அதே யுத்தத்துக்குள்ளால் வந்த சில தாய்மாரைப் பற்றியும் நான் சொல்லவேண்டும். மூதூர், சம்பூர்ப் பக்கத்தில் இருந்து கடைக்கு வருவார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பழைய கடிதங்கள் எல்லாம் திகதி வாரியாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் பதிவுத்தபால் பற்றுச்சீட்டைக் குண்டூசியால் குத்தியிருப்பார்கள். அந்தச் சீட்டின் மை மங்கிப்போகும் என்று தெரிந்து அதையும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருப்பார்கள். "இன்ன திகதி இன்ன இலக்கக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை எண்டு முதல் வரியிலை போடுங்கோ பிள்ளை" என்று எனக்குச் சொல்லுவார்கள். யாருக்குப் பிரதி அனுப்பவேண்டும் என்பதும் தெரியும். எட்டாம் வகுப்புக்கு மேல் படித்திராத அம்மா ஒருவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் மாற்றாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அலுவலக எழுத்தின் அடிப்படை முழுவதும் அந்தப் பைக்குள் இருக்கிறது. அவர்கள் அதைப் படித்த விதம் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. படித்த விடயம் மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டும்.

ஒரு கடிதம் அலுவலகத்துக்குள் போனால் அதற்கு என்ன நடக்கிறது என்று எழுதுபவருக்குத் தெரிந்தாலே பாதி திருந்திவிடும். காலையில் தபால் உடைப்பார்கள். திகதி முத்திரை விழும். பதவிநிலை உத்தியோகத்தர் மேலோட்டமாகப் பார்த்து, எந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்குப் போகவேண்டும் என்று மூலையில் குறிப்பிடுவார். அவர் பார்ப்பது தலைப்பை. தலைப்பு இல்லாத கடிதம் பிழையான மேசைக்குப் போகும். அங்கே சில நாள் கிடந்து, இது எங்களுடையது அல்ல என்று திரும்பி வரும். சரியான மேசைக்கு வந்தாலும், அங்கே இருக்கும் உத்தியோகத்தரின் முன்னால் ஒரு கட்டுக் கடிதம் இருக்கும். அதில் பழைய கோவையின் இலக்கம் குறிப்பிட்டிருந்தால் உடனே கோவையை எடுத்துக் குறிப்பு எழுதி மேலே சமர்ப்பிக்கலாம். இல்லாவிட்டால் அலுமாரி அலுமாரியாகத் தேடவேண்டும். மூன்று விடயத்தை ஒரு கடிதத்தில் எழுதினால் மிக இலேசானதற்குப் பதில் போகும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். என்ன வேண்டும் என்று கடைசிவரை சொல்லாத கடிதத்துக்கு, "கோவையில் இடுக" என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரையும் குறைசொல்ல முடியாது. தொலைபேசி இலக்கம் இல்லாமல் வந்த கடிதங்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது பிரதம இலிகிதராக இருந்த ஒரு பெரியவர். கடிதத்தின் வரைபைக் கொடுத்தால், படித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். "இது கிடைக்கிறவர் வாசிச்சு முடிஞ்ச உடனை என்ன செய்யவேணும்?" என்று மட்டும் கேட்பார். பதில் சொன்னால், "அப்ப அதை ஏன் கடைசியிலை வைச்சிருக்கிறீர்?" என்பார். அந்தக் காலத்துத் தட்டச்சுப் பொறியில் காபன் தாள் வைத்து அடிக்கவேண்டும். ஒரு வசனம் மாறினால் பக்கம் முழுவதும் திரும்ப அடிக்கவேண்டும். அதனால் அடிக்க முதலே யோசித்தோம். இன்றைக்கு அழிப்பது சுகம், யோசிக்கத் தேவையில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

கணினி தந்த வேறு கூத்துகளும் இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் அடித்த சுயவிபரக்கோவையை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைத்தொலைபேசியிலோ அதைத் திறந்தால் தமிழ் ஒன்றும் தெரியாது, ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோட்டில் அடிக்கவேண்டும், இல்லையென்றால் பிடிஎப் ஆக மாற்றி அனுப்பவேண்டும். கோப்புக்குத் தன் பெயரையும் பதவியின் பெயரையும் வைக்கவேண்டும். "நியூ டொக்கியுமென்ட் 3" என்ற பெயரில் வந்த கோப்பு யாருடையது என்று எந்த நிறுவனமும் மினக்கெட்டுத் தேடாது. மின்னஞ்சல் முகவரியில் நடிகரின் பெயரையும் "கிங்" என்பதையும் சேர்த்து வைத்திருக்கும் தம்பிமாரே, வேலைக்கென்று வேறொன்று திறவுங்கள், அது இலவசம். விடயம் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, உள்ளே "சேர், சிவி" என்று இரண்டே சொல்லோடு அனுப்புவதும் வேண்டாம்.

இப்போது சாட்ஜிபிடி வந்திருக்கிறது. மருந்துக்கடை ஒன்றில் விற்பனையாளர் வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளை ஒருத்தி, அது எழுதிக்கொடுத்ததை அச்செடுக்க வந்தாள். "சவால்களை வாய்ப்புகளாக மாற்றும் ஆற்றலும் புத்தாக்கச் சிந்தனையும் கொண்ட நான்" என்று தொடங்கியது. "என்ன சவால் பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். தாய்க்கு நாலு வகை மருந்து, நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பது அவள்தான், மருந்துச்சீட்டு வாசிக்க அவளுக்கு நல்ல பழக்கம். அது எங்கே கடிதத்தில்? அந்த இயந்திரத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. எழுத்துப்பிழை பார்க்கும், நீட்டி எழுதியதைச் சுருக்கித் தரும். ஆனால் நீர் சொல்லாத ஒன்றை அது உம்மைப் பற்றி எப்படி அறியும்? ஒரே மாதிரியான அழகான கடிதங்கள் பத்து வந்தால் பத்தையும் ஒதுக்கி வைப்பது மனித இயல்பு.

"எழுத்து, கிழுத்து எல்லாம் பிறகு, ஆங்கிலம் இருந்தால் வேலை" என்று பெற்றோர் சொல்லுவார்கள். நகரத்தில் மதில் மதிலாக ஆங்கிலப் பேச்சு வகுப்பு விளம்பரம்தான். வங்கிக்கும் ஹோட்டலுக்கும் துறைமுகத்தோடு சேர்ந்த கம்பனிகளுக்கும் ஆங்கிலம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. கட்டாயம் படியுங்கள். சிங்களமும் படியுங்கள், அரச சேவையில் சேர்ந்தால் எப்படியும் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். ஆனால் தன் தாய்மொழியில் ஒரு விடயத்தை முன் பின் ஒழுங்கில் அடுக்கத் தெரியாதவர், ஆங்கிலத்திலும் அதே குழப்பத்தைத்தான் எழுதுவார். முகாமைத்துவ சேவைப் பரீட்சைக்கு மொழித் தேர்ச்சி வினாத்தாள் ஒன்று வைத்திருப்பது சும்மா இல்லை. பொது அறிவைக் கரைத்துக் குடித்துவிட்டு அந்தத் தாளில் விழுந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

இது இலிகிதர்மாருக்கு மட்டும் உரிய சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு திருகோணமலையில் தெருவுக்குத் தெரு தொண்டு நிறுவனங்கள் இருந்தன. களஞ்சியத்தில் சாமான் எண்ணிக்கொண்டிருந்தவர்களும் சாரதிகளும் எத்தனையோ பேர். அவர்களில் களத்துக்குப் போய்வந்து, எத்தனை குடும்பம், எங்கே கிணறு உவர்ந்திருக்கிறது, யாருக்கு இன்னும் கொடுக்கவில்லை என்று அன்றிரவே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் திட்ட உத்தியோகத்தர் ஆனார்கள். எனக்குத் தெரிந்தவர்களுக்குள்ளேயே இப்படிச் சிலர் உண்டு. சீனன்குடாவில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. இந்த மாதிரி இடங்களில் இரவு முறை முடித்துப் போகும் மின்னியலாளர், எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு நின்றது, என்ன மாற்றினார், எதைத் தற்காலிகமாகக் கட்டிவிட்டிருக்கிறார் என்று பதிவுப் புத்தகத்தில் தெளிவாக எழுதினால், காலையில் வருபவரின் உயிருக்கே அது காவல். "பழுது பார்க்கப்பட்டது" என்று இரண்டு சொல் எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? மேற்பார்வையாளர் பதவிக்கு ஆள் தேடும்போது அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் உறவினர் ஒருவர் சொன்னார். நம்பக்கூடிய கதைதான்.

பட்டதாரிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், கோபிக்கக்கூடாது. அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்த பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். கூட்டத்துக்குப் போய்க் குறிப்பெடுக்கச் சொன்னால், தலைவர் வரவேற்றார், அவர் பேசினார், இவர் பேசினார், நன்றியுரையோடு இனிதே நிறைவுற்றது என்று மூன்று பக்கம். என்ன தீர்மானித்தார்கள், யார் செய்யவேண்டும், எப்போதைக்கு முன் செய்யவேண்டும் என்று தேடினால் கிடைக்காது. சந்தைக்கு மீன் வாங்க அனுப்பினால், சந்தையின் அழகைச் சொல்லிக்கொண்டு வெறும் பையோடு திரும்பி வருகிற மாதிரி. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதியவர்கள்தான் அவர்கள். எழுதியது புள்ளிக்காக. வாசித்து வேலை செய்ய ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காக யாரும் அவர்களை எழுதப் பழக்கவில்லை.

ஆகவே எனது கோரிக்கை. (கோரிக்கையைக் கடைசியில் வைத்துவிட்டேன் என்று அந்தப் பெரியவர் இருந்தால் திட்டுவார். பத்திரிகைக் கடிதத்துக்கு விதிவிலக்கு உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்.) உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில், நகரத்திலும் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் போன்ற இடங்களிலும் பொது நூலகங்களில் கிழமைக்கு ஒருநாள் எழுத்துப் பயிற்சி நடத்தவேண்டும். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற இலிகிதர்மார், அதிபர்மார், வங்கி உத்தியோகத்தர்மார் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள், பின்னேரத்தில் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழியும் தொடர்பாடலும் படிக்கும் மாணவர்கள் கணினிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் அது பயிற்சி.

பயிற்சி என்றால் பொய்க்கடிதம் வேண்டாம். "உமது நண்பனுக்குச் சுற்றுலா பற்றி" என்று தொடங்கினால் முதல் கிழமையே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். தங்கள் ஒழுங்கையில் எரியாத மின்விளக்கு எத்தனையாம் இலக்கத் தூணில் இருக்கிறது என்று பார்த்து உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுதட்டும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் ஒரு பதவி வெற்றிட அறிவித்தலை எடுத்து, அதில் கேட்டிருக்கும் தகைமை எது, இறுதித் திகதி எது, கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் என்ன எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று வாசித்துப் பழகட்டும். வாசிக்காமல் அனுப்பி நிராகரிக்கப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கேள்வி எழுதிப் போடட்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டிய கடமை அலுவலகத்துக்கு உண்டு. கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாக வரும், அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அதற்கும் ஒரு கடிதம் எழுதலாம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. கோபப்படாமல், கெஞ்சாமல் அதை எடுத்துக்காட்டி நாலு வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வேலைத்தலத்தில் எந்தக் கடிதமும் பாரமாக இராது.

இப்படி எல்லோரும் தாங்களே எழுதத் தொடங்கினால் கடையில் தட்டச்சு வியாபாரம் படுத்துவிடும் என்று தம்பி குறைப்படுகிறான். போட்டோக்கொப்பி ஓடும் என்று சொல்லியிருக்கிறேன். நூலகப் பொறுப்பாளர்கள் யாராவது இடம் தர முன்வந்தால், சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுக்க நான் ஆயத்தம். கொடுப்பனவு வேண்டாம். ஒரு வெண்பலகையும், பிள்ளைகள் எழுதியதை அச்செடுக்க ஒரு கட்டு ஏ4 தாளும் இருந்தால் போதும்.

இக்கடிதம் நீண்டுவிட்டதால் சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். வெட்டுவதென்றால் பட்டதாரிகளைப் பற்றிய பந்தியை வெட்டுங்கள், எனக்கும் அயலில் கரைச்சல் குறையும். மூதூர்த் தாய்மாரின் பந்தியில் மட்டும் கை வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இலிகிதர்,
திருகோணமலை.